நான்கு மாமன்களும் ஒரு காதுகுத்தும்

அந்தக் காலத்தில் காற்றுகளுக்குக் கால் இருந்தது, வாயும் இருந்தது. ஊருக்கு வந்தால் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். கஞ்சி கொடுத்தால் குடிப்பார்கள், பாய் விரித்தால் படுப்பார்கள். இப்போது மாதிரி வந்ததும் வராததுமாகக் கூரையைப் பிடுங்குகிற வேலையெல்லாம் அப்போது கிடையாது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கொன்றும் நட்டமில்லை.

அவர்கள் நான்கு பேர். வடக்கே இருந்து வருகிறவன் வாடை. கிழக்கே கடல்மேல் நடந்து வருகிறவன் கொண்டல். தெற்கே இருந்து சோழகம். மலையையும் வயலையும் தாண்டி மேற்கே இருந்து வருகிறவன் கச்சான். இன்றைக்கும் எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவன் தன் மாதங்களை முடித்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அடுத்தவன் வருவான். ஊர்க்காரர்களும் ஒருவனிடம் இன்னொருவனைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவனை உட்காரவைத்துக்கொண்டு முன்னால் வந்தவன் புராணத்தைப் பாடினால் நன்றாகவா இருக்கும்?

அந்தக் கரையில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் குப்புலிங்கம் கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறவன், பேச்சு குறைவு. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து, ஒரு தை மாதத்தில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை என்றால் அப்படி ஒரு குழந்தை! விழித்திருந்தாலும் சிரிக்கும், தூங்கினாலும் சிரிக்கும். பார்க்க வந்தவர்கள் வேலையை மறந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

குப்புலிங்கத்தின் அக்கா தையல்நாயகியும் வந்து பார்த்தாள். குழந்தையை வாங்கி, காதுமடலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"காது நல்லா அம்சமா இருக்குடி நீலாயி. ஆனா குத்துறப்ப யாரு மடியில வைப்பே? உனக்குத்தான் கூடப்பிறந்தவன் கிடையாதே. கரையில ஓடுற நண்டைப் புடிச்சு மணையில உக்கார வைப்பியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தையல்நாயகி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் நீலாயிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காது குத்துவது என்றால் தாய்மாமன் வரவேண்டும். சீர் கொண்டுவந்து, மணையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வான். ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளை வீறிட்டு அழுமே, அப்போது அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது மாமன் கைதான். நீலாயியின் அப்பனும் ஆத்தாளும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி என்று ஒருவரும் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அழுதாள்.

அது வாடை ஊரில் இருந்த மாதம். மாலையில் அவன் குளிரில் தானே நடுங்கிக்கொண்டு வந்து, அடுப்போரம் குந்தினான்.

"ஏன் தங்கச்சி கண்ணு வீங்கியிருக்கு?" என்று கேட்டான்.

தங்கச்சி என்ற அந்த ஒரு சொல் போதும். நீலாயி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். கடைசியில், "நீங்க எம்புள்ளைக்கு மாமனா வர்றீங்களாண்ணே? கார்த்திகையில பதினோராம் மாசம். அன்னைக்குக் காது குத்தணும்" என்றாள்.

வாடை அடுப்பை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "என்னைக் கண்டாலே எல்லாரும் போர்த்திக்கிட்டுப் படுத்துடறாங்க. என்னை எவரும் எதுக்கும் கூப்பிட்டதில்ல. வந்துடறேன் தங்கச்சி. எங்க இருந்தாலும் வந்துடறேன்."

"வெறுங்கையை வீசிக்கிட்டு வந்துடாதீங்க. நாலு பேரு பாக்கணும். எங்க நாத்தனா பாக்கணும்!" என்று நீலாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாடை விடைபெற்றுப் போனதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன வருஷம் அவன் இருபது நாள் தாமதமாக வந்தானே! காற்று கொடுத்த வாக்கை நம்பி மணை போட்டு, அவன் வராமல் போனால் தையல்நாயகி முகத்தில் எப்படி விழிப்பது? ஆகையால் சித்திரையில் சோழகம் வந்து நடுப்பகலில் வீட்டுக்குள் சாய்ந்து படுத்தபோது அவனிடமும் கேட்டுவைத்தாள். "மடிதானே? தாராளமா" என்று சொல்லிக்கொண்டே அவன் தூங்கிப்போனான். தூக்கத்தில் சொன்னானோ, விழித்துச் சொன்னானோ? ஆடியில் கச்சான் வந்தான். அவன் கோபக்காரன். "உன்னைக் கேலி பண்ணின வாய் எது? ஆளைக் காட்டு தங்கச்சி" என்று எழுந்தவனை உட்காரவைத்து, மோர் கொடுத்து, மாமனாக வரச் சொல்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கொண்டலை அவள் கேட்கவே இல்லை. புரட்டாசியில் ஈரத்தலையோடு வந்தவன், பிள்ளையைப் பார்த்ததும் தானாகவே கண் கலங்கினான். "இதுக்கு நான்தானே மாமன்? சொல்லு தங்கச்சி, நான்தானே?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீரோடு கேட்கிறவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். உள்ளதைச் சொல்கிறேன், அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு அண்ணன் இல்லாதவளை நான்கு பேர் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

குப்புலிங்கத்துக்குச் சேதி தெரிந்தபோது திகைத்துப்போனான்.

"நாலு பேர்கிட்டயுமா சொன்னே?"

"யாராவது ஒருத்தராச்சும் வருவாங்கல்லங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இனிக் கடலைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடை முழுக்கக் கடல் வெயிலில் மல்லாந்து படுத்துக் கிடப்பாள். வேலை வெட்டி இல்லாமல் கிடக்கிறாளே என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. விழுகிற வெயிலையெல்லாம் வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருப்பாள். ஐப்பசி, கார்த்திகை வரும்போது அவள் மடியில் கைவைத்தால் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த வெந்நீர் மாதிரி இருக்கும். அந்த வருஷம் சூடு இன்னும் கொஞ்சம் அதிகம்.

காதுகுத்துக்கு மூன்று நாள் முன்னால், சீர் கேட்டு முதலில் வாடை அவளிடம் போனான். கடல் கஞ்சத்தனம் தெரியாதவள். தன் சூட்டிலிருந்து நீராவியை அள்ளி அள்ளிப் பெரிய மூட்டையாகக் கட்டி அவன் தோளில் ஏற்றினாள்.

"கொதிக்கிற சரக்குப்பா. மேலே மேலேதான் இழுக்கும். காலை அழுத்தி ஊனி நட" என்றாள்.

வாடைக்குக் கால் தரிக்கவில்லை. மூட்டை அவனை மேலே இழுக்க, அவன் தடுமாறித் திரும்பினால், பின்னால் இன்னொருவன் அதே மாதிரி மூட்டையோடு வருகிறான். அவன் பின்னால் ஒருவன். அதற்கும் பின்னால் ஒருவன்.

"யாரய்யா நீ?" என்றான் வாடை.

"நீலாயி புள்ளைக்குத் தாய்மாமன்" என்றான் கச்சான். "நீ யாரு?"

"நானும்தான்."

"அட, நானும்தான்" என்றான் மூன்றாவதாக வந்த சோழகம். கொண்டல் அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான். ஒரு பிள்ளைக்கு ஒரு மடிதானே? எந்த மாமன் முந்துகிறானோ அவனுக்குத்தான் மணை என்று நான்கு பேரும் ஓட ஆரம்பித்தார்கள். முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவனை அடுத்தவன் இழுத்தான். காலடியில் பூமி வேறு மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்ததால், நேராக ஓட நினைத்தவர்கள் வளைந்து வளைந்து வட்டமாகிப்போனார்கள். அதுவும் கோயிலை வலம் வருகிற பக்கமாக இல்லை, எதிர்ப்பக்கமாக. சண்டையில் இருப்பவனுக்குத் திசையா தெரியும்? வழியெல்லாம் கடல் இன்னும் இன்னும் சீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சூடு ஏற ஏற வேகமும் ஏறியது.

கரையில் அன்று காலை பந்தல் போட்டாயிற்று. மணை போட்டாயிற்று. ஆசாரி ஊசியை மஞ்சளில் தடவி வைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா?" என்று கேட்டார். நீலாயி கடல் பக்கம் பார்த்தாள். கிழக்கே அடிவானம் மை பூசினாற்போல் இருந்தது. கரைமணல் பொடிப்பொடியாக எழுந்து தெற்கே ஓடியது. கட்டுமரங்களைப் பாதுகாப்பாக மேட்டில் ஏற்ற ஆண்கள் ஓடினார்கள். குப்புலிங்கமும் அவர்களோடு கரையின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

காற்று கொண்டுவந்த இரைச்சலைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டதுமே நீலாயிக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

"நான் செஞ்ச கோளாறு. நான்தான் போய்ச் சொல்லணும். புள்ளை மூஞ்சியைப் பாத்தா அடங்கிடுவாங்க" என்று தையல்நாயகியிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை முதுகில் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு நேரே கிடந்த கட்டுமரத்தைத் தள்ளி ஏறினாள். "அடி பாவி, நில்லுடி!" என்று தையல்நாயகி இடுப்பளவு தண்ணீர்வரை ஓடிப் பார்த்தாள். அலைதான் அவளைத் திருப்பி அனுப்பியது.

நீலாயி எப்படிப் போனாள் என்று கேட்காதீர்கள். தாயாகப்பட்டவள் போய்விட்டாள். மழையும் நுரையும் முகத்தில் அறைந்தன. கண்ணைத் திறக்க முடியவில்லை. திடீரென்று எல்லாம் நின்றது. திறந்து பார்த்தால் தலைக்கு மேலே நீலவானம். வெயில் அடித்தது. எங்கிருந்தோ களைத்துப்போன ஆலாப் பறவைகள் வந்து கட்டுமரத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தன. பயப்படக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. சுற்றிலும், நான்கு பக்கமும், வானம் முட்டுகிற வெள்ளைச் சுவராகக் காற்று சுழன்றது. பிள்ளையைப் பார்த்ததும் நான்கு மாமன்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அதன் முகத்தில் ஊதிவிடக் கூடாதே என்று அந்தப் பக்கமாகத் தள்ளித் தள்ளி ஓடினார்கள். பிள்ளை கையை நீட்டி ஒரு பறவையின் இறகைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

"அண்ணே, என் பேர்லதான் தப்பு" என்றாள் நீலாயி. "நான் நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். யாராச்சும் ஒருத்தர் வந்தாப் போதும்னு சொல்லிட்டேன்."

அவர்கள் அவளைக் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. "தங்கச்சி பேர்ல என்ன தப்பு? இவனுங்க வழிவிடாததுதான் தப்பு" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, இன்னும் வேகமாகச் சுற்றினார்கள். எவ்வளவு கெஞ்சியும் ஒருவனும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன்மார்கள் என்றால் அப்படித்தானே! வேறு வழி தெரியாமல் அவள் துடுப்பைக் கரைப்பக்கம் திருப்பினாள். வீட்டுக்குப் போனால் அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள்.

அவள் நகர, வட்டமும் கூடவே நகர்ந்தது. அதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

வட்டத்தின் முன்பக்கம் கரையைத் தொட்டபோது, வடக்கே இருந்து வாடைதான் முதலில் விழுந்தான். பந்தல் பறந்தது. பனைகள் முறிந்தன. மேட்டில் ஏற்றிய கட்டுமரங்களை எல்லாம் கடல் ஏறிவந்து எடுத்துப் போட்டு உடைத்தாள். நீலாயியைத் தேடிக் கடலில் இறங்கிய குப்புலிங்கத்தை அலை இரண்டு முறை கரையில் வீசியது. மூன்றாம் முறை தையல்நாயகியும் ஆசாரியும் அவனை வீட்டுக்குள் இழுத்துப்போட்டுப் படலைச் சாத்தினார்கள். பனைமட்டையும் ஓலையும் பின்னிய அந்தப் படலை மூன்று பேரும் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சத்தம் நின்றது. கூரைப் பொத்தல் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. குப்புலிங்கம் எழுந்து படலைத் திறக்கப் போனான்.

"திறக்காதீங்க!"

வெளியே நீலாயியின் குரல்.

"நீலாயி! புள்ள?"

"இருக்குங்க. சிரிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க திறக்காதீங்க. வெளியே வராதீங்க. இது நின்னுபோனது இல்ல, எங்களைச் சுத்தித்தான் நிக்குது. நாங்க நகர்ந்தா மறுபக்கத்துலேருந்து சோழகம் வருவாரு."

"உள்ள வந்துடு."

அவள் வாசலில் நின்று ஊரைப் பார்த்தாள். இருந்த இடத்தில் வீடுகள் இல்லை. அவள் ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தால் வட்டம் அந்தத் தெருவை விட்டு இந்தத் தெருவுக்கு வந்தது. படலைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு ஓலைகூட அசையாது. ஆனால் வட்டம் ஊரைவிட்டுப் போகவே போகாது. தலைக்கு மேலே அண்ணன்மார் நான்கு பேரும், "யாரு மடின்னு சொல்லு தங்கச்சி" என்று சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் பெயரைச் சொன்னால் மற்ற மூவரும் இந்தக் கரையில் ஒரு பிடி மண்ணை விட்டுவைக்க மாட்டார்கள்.

நீலாயி அழுதாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு நாலு பேருக்கும் தனித்தனியா வாக்குக் கொடுத்தேன். இன்னைக்கு நாலு பேருக்கும் சேத்து ஒரே வாக்கு. நீங்க பேசி ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் புள்ளையும் நானும் உங்களோடவே இருக்கோம். இந்த ஊரைத் தாண்டி நடங்க."

மாமன்கள் நான்கு பேரும், தகப்பன் என்ன சொல்கிறான் என்று படலின் பக்கம் காதுகொடுத்தார்கள்.

உள்ளே குப்புலிங்கத்துக்கு எல்லாம் கேட்டது. படலின் பின்னலில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக, நீலாயி முதுகிலிருந்து இடுப்புக்கு மாற்றியிருந்த பிள்ளை தன் விரலை உள்ளே நுழைத்தது. வேடிக்கைக்கு நுழைத்ததுதான், அதற்கென்ன தெரியும்? அவன் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஏங்க, நேரமாகுது. ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள் அவள்.

போ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காற்றுகளும் அத்தோடு இந்தக் கரைப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். தகப்பன் வாயால் சொன்ன சொல்லை மாமன்கள் மீறமுடியாது. ஊர் பிழைக்க அதுதான் வழி என்று ஆசாரி பின்னால் இருந்து அவன் தோளைத் தட்டி, "போன்னு சொல்லிடுப்பா" என்று கிசுகிசுத்தார். குப்புலிங்கம் வாயைத் திறந்தான்.

"போயிட்டு வா" என்றான்.

விரல் சந்திலிருந்து மெல்ல உருவிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து சோழகம் வந்து மோதினான். தூங்குமூஞ்சியா அவன்? வாடை சாய்த்ததையெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்த்தான். மூன்று பேரும் படலை விடவில்லை.

நீலாயி பிள்ளையோடு மேற்கே நடந்தாள். வயலைத் தாண்டி, ஊர்களைத் தாண்டி, மலைப்பக்கம்வரை நடந்தாள். மண்மேல் நடக்கும்போது மூட்டையை நிரப்பக் கடல் இல்லையே! கொண்டுவந்த சீரெல்லாம் மழையாகக் கொட்டித் தீர்ந்தது. சூடு இறங்க இறங்க மாமன்களின் வேகமும் இறங்கியது. மலையடிவாரத்தில் நான்கு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெறுங்கையோடு மணையில் உட்கார ஒருவனுக்கும் மனம் வரவில்லை. "அடுத்த வருஷம் சீரோட வந்து பேசிக்கலாம்" என்றான் வாடை. மற்றவர்களும் சரி என்றார்கள். கொட்டிய மழை ஆறாகிக் கடலுக்குத் திரும்பியபோது, கொடுத்த வாக்குப்படி நீலாயியும் பிள்ளையும் அதோடு போனார்கள். கடல் அவர்களைத் தன் நடுவில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்ததும் ஊரார் குப்புலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டுமரம் போய், வலை போய், வீடு போய் நின்றவர்களுக்குக் கோபம் வராதா? தையல்நாயகிகூட அழுதுகொண்டே கேட்டாள். "அவளை வரச்சொன்னா அவனுங்களும்தானே கூட வருவானுங்க? போன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா தம்பி."

"நீ சொல்லியிருப்பியாக்கா?" என்றான் குப்புலிங்கம்.



அன்று முதல்தான், கடல் சூடேறிக் கிடக்கும் ஐப்பசி கார்த்திகையில் காற்றுகள் சீரைத் தூக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருகின்றன. முதலில் ஒரு பக்கத்துக் காற்று அடித்து ஓய்கிறது, நடுவில் வானம் வெளுத்து ஒரு அமைதி வருகிறது, பிறகு எதிர்ப்பக்கத்துக் காற்று வந்து மோதுகிறது. அந்த அமைதியில் எங்கள் கரையில் ஒருவரும் படலைத் திறப்பதில்லை. வாசலில் அவள் பிள்ளையோடு நிற்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். உள்ளே இருந்தபடியே, "போயிட்டு வா" என்று குரல் கொடுக்கிறோம். எத்தனை வீடு போனாலும், எத்தனை கட்டுமரம் போனாலும், அவளைப் பார்த்து, "போ" என்று மட்டும் சொல்ல இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.